சத்திரத்தில் கிடைத்த அப்பா கணக்கு!

சிரிப்பவர்கள் சிரியுங்கள், எனக்கு வெட்கமே இல்லை! திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில், சாயங்காலக் கூட்டத்துக்கு நடுவே, ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைக் கண்ணெதிரே விட்டுவிட்டு, செல்போனைப் பிடித்துக்கொண்டு குதித்தவன் நான்தான்.

எல்லாம் இந்த 'உத்கம்' செய்த வேலை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி திறந்துவைத்த இணையதளம். பத்து வருஷம் யாரும் தொடாத வங்கிக் கணக்குகளின் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். 2024 மார்ச் கடைசியில் இப்படிக் கிடந்தது 78,213 கோடி ரூபாய். கோடி, ஐயா, கோடி! அதில் நம்ம வீட்டுக் காசும் இருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தேடலாம் என்றால் விடுவேனா?

நினைத்துப் பாருங்கள்: "சமயபுரம், சமயபுரம்" என்று கண்டக்டர் கூவுகிறார், மல்லிகை வாசமும் டீசல் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறுகிறது, அந்தப் பக்கம் மலைக்கோட்டை, நானோ அப்பா பெயரை ஆங்கிலத்தில் விதவிதமாக அடித்துக்கொண்டிருக்கிறேன், இனிஷியலை முன்னால் போட்டு, பின்னால் போட்டு, தாத்தா பெயராக விரித்துப் போட்டு, பிறந்த தேதியையும் கொடுத்து அழுத்தினால், வந்ததய்யா ஒரு வரி, அப்பா பெயர், வங்கியின் பெயர், கூடவே நீளமாக ஒரு குறிப்பு எண், அடடா, பெரிய கடை வீதியில் வேலை பார்த்த காலத்தில் யாருக்கும் சொல்லாமல் போட்டுவைத்திருக்கிறார் மனுஷர், எனக்குக் கை நடுங்குகிறது, பக்கத்தில் நின்ற பெரியவரிடம் "எங்கப்பா, எங்கப்பா" என்று போனைக் காட்டுகிறேன், அவரும் என்னவென்றே புரியாமல் தலையாட்டுகிறார்!

அந்தத் தளத்திலேயே பணம் கேட்க முடியாது, தேட மட்டும்தான். கேட்பதற்கு வங்கிக்குப் போகணும். இதெல்லாம் ஒரு குறையா? அப்பா, அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தார். இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், கோரிக்கைப் படிவம் கொடுத்தோம். வட்டியோடு வந்தது! வங்கி நமக்குக் கொடுத்துவிட்டு ரிசர்வ் வங்கியிடம் வாங்கிக்கொள்ளுமாம். தொகை ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் எனக்கு லாட்டரிதான்.

"எனக்குத் தெரியாம எதுக்குடா சேர்த்தாரு?" என்றுதான் அம்மா முதலில் கேட்டாள்.

இப்போது பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் விடுவதில்லை: "உங்க தாத்தா முழுப் பேரு என்னங்க? பிறந்த தேதி தெரியுமா?"