வாலாட்டும் உள்ளான்

ஆகஸ்ட் பிறந்ததும் கண்மாய்க் கரைக் கற்களில் என் கண் உள்ளானைத் தானாகத் தேடும். கூட்டத்தில் தேடிப் பயனில்லை. அது பெரும்பாலும் ஒண்டிக்கட்டை. மைனாவைவிடச் சற்றுச் சின்னது. முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. இது மட்டும் போதாது, அதன் பங்காளிகள் பலரும் இதே நிறம்தான். தோளைப் பாருங்கள்: மார்பின் பழுப்புக்கும் மடித்த இறக்கைக்கும் நடுவே வயிற்று வெள்ளை ஆப்பு அடித்தாற்போல் மேலேறியிருக்கும். அப்புறம் அந்தப் பின்பக்கம்! நின்றால் ஆட்டம், நடந்தால் ஆட்டம், பூச்சி பொறுக்கிவிட்டு நிமிர்ந்தால் மறுபடி ஆட்டம்.

கிட்டே போனால் கீச்சென்று கூவிக்கொண்டு தண்ணீரை ஒட்டியே பறக்கும். இறக்கையை மேலே தூக்கி வீசாது. விறைப்பாக நாலு துடிப்பு, ஒரு சறுக்கல். இறக்கையில் வெள்ளைக் கோடு ஓடும். வாலடி பளீரென்று வெளுத்திருந்தால் அது பங்காளியான பொரி உள்ளானாக இருக்கலாம். நோட்டில் பெயரை மாற்றி எழுதி அசடு வழிந்திருக்கிறேன்.

காஷ்மீர் மலையோடைக் கரைகளிலும் அதற்கு வடக்கே வெகுதூரம் வரையிலும் முட்டையிடும் பறவை. இங்கே சாக்கடை வாய்க்கால் என்றாலும் முகம் சுளிப்பதில்லை. ஏப்ரல், மே வாக்கில் ஒரு காலை போய்ப் பார்த்தால் கல் மட்டும் இருக்கும்.