வெள்ளியும் மேகமும்

1769 ஜூன் 4, ஞாயிறு விடியற்காலை. போரில் தகர்ந்த புதுச்சேரிக் கோட்டையின் இடிபாடுகள்மேல் கட்டிய வானாய்வுக்கூடத்தில் பிரெஞ்சு வானியலர் கியோம் லெ ழான்தி காத்திருந்தார். சூரிய வட்டத்தைக் கடக்கும் வெள்ளி அதைவிட்டு விலகும் கணத்தை அவர் குறிக்க வேண்டும். மே மாதக் காலைகள் தெளிவாக இருந்தன. முந்தைய இரவுகூட ஆளுநர் லாவுடன் சேர்ந்து வியாழனின் நிலவுகளைப் பார்த்திருந்தார். விடியுமுன் மேகம் மூடியது. வெள்ளி விலகிப்போன பிறகே வெயில் வந்தது. அவர் முதலில் நிற்க விரும்பிய மணிலாவிலோ அன்று தெளிந்த வானம்.

மணிலாவை விட்டு, பாரிஸ் அறிவியல் அகாதெமி சொன்ன புதுச்சேரிக்கு வந்தது தவறு என்று முடிவுகட்டுவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. மேகம் வந்ததால் மட்டும் ஒரு தேர்வு பிழையாகிவிடாது. தேர்ந்த நாளில் கையில் என்ன சான்று இருந்தது என்பதே கேள்வி. பத்தில் ஒன்பது வாய்ப்புள்ள காரியமும் பத்தாவது முறை கைவிடும்.

ஆனால் பிறகு மே மாதக் காலைகள் தந்த சான்று நாம் நினைக்கும் அளவுக்கு வலுவானதா? தெளிந்த முப்பது காலைகளை முப்பது சாட்சிகளாக எண்ணக் கூடாது. இன்றைய வானம் நேற்றைய வானத்தையே பெரும்பாலும் தொடர்கிறது. அவை ஒரே சாட்சி முப்பது முறை பேசியதற்குச் சமம். கத்திரி முடிந்து தென்மேற்குக் காற்று தொடங்கும் காலம் வேறு. மே மாதத்தின் தெளிவை ஜூனுக்கு நீட்டியதில்தான் சறுக்கல் இருக்கிறது. புதுச்சேரியில் அவர் அதற்கு முன் பார்த்தது 1768-இன் ஜூன் ஒன்றே.

வெள்ளி வரும் நாள் அப்படி அல்ல. அதற்கு ஹாலி முதலானோரின் கணக்கு இருந்தது. இந்த ஊர்ப்பக்கக் கணக்கின் நுணுக்கத்தையும் லெ ழான்தியே பதிந்திருக்கிறார்: 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைந்தது, ஐரோப்பாவின் மேயர் அட்டவணை 68 வினாடி கூடியது. நம் பஞ்சாங்கமோ கிரகணத்தையும், அந்த ஆண்டு மேகங்களுக்கு அதிபதியாகச் சொல்லப்படும் கிரகமான மேகாதிபதி தரும் மழையையும் ஒரே அச்செழுத்தில், ஒரே உறுதியோடு தருகிறது. முன்னதை நம்பும் கை பின்னதையும் நம்பிவிடுகிறது. எனக்கு இதுவே பெரிய குற்றமாகப் படுகிறது.

போர் எப்போது வரும் என்பதற்கோ எந்தக் கணக்கும் கிடையாது. 1761-இல் வெள்ளியின் முதல் கடப்புக்கு லெ ழான்தி கப்பலில் வந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்திருந்தது. ஆடும் தளத்திலிருந்து பார்த்தது பயன்படவில்லை. இத்தகைய நிச்சயமின்மையை அளக்கும் வழியும் அக்காலத்தில்தான் வந்தது: 1763-இல் கணிதர் பேய்ஸின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. சான்று வர வர நம்பிக்கையைத் திருத்தும் கணக்கு அது. அப்போது லெ ழான்தி இந்தியப் பெருங்கடல் தீவுகளில் அடுத்த கடப்புக்காகக் காத்திருந்தார்.

ஆகவே என் தீர்ப்பு: புதுச்சேரி நியாயமான தேர்வு, அதன்மேல் வைத்த உறுதிதான் மிகை. ஒற்றை இடத்தை நம்பாமல் தாஹித்தி, ஹட்சன் விரிகுடா, கலிபோர்னியா என ஆட்களைப் பரப்பியதே 1769-இல் சரியாக நடந்தது. ஒரு மேகம் எல்லா வானத்தையும் மூட முடியாது. அப்படித் திரட்டிய அளவுகளிலிருந்தே சூரியன் சுமார் 15 கோடி கி.மீ. தொலைவில் இருப்பது தெரிந்தது. லெ ழான்தி 1771-இல் ஊர் திரும்பியபோது அகாதெமியில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. கடிதங்கள் போய்ச் சேராததால், அவர் இறந்துவிட்டார் என்று உறுதியாக நம்பியிருந்தார்கள்.