'தனியே' என்றொரு சொல்

டார்ம்ஸ்டாட்டில் நாம் சிலர் சேர்ந்து வாசித்த நூல்களில், மலையேறி ஹெர்மான் பூலின் 1954ஆம் ஆண்டு நினைவுநூலும் ஒன்று. 1953 யூலை 3ந் திகதி நங்க பர்பத்தின் உச்சியில் முதன்முதலாகக் காலடி வைத்தவர் அவர்; ஒட்சிசன் இல்லாமல், தனியே.

இந்தத் 'தனியே'யோடுதான் எமக்கு வழக்கு.

முதல்நாள், ஏறத்தாழ 6900 மீற்றர் உயரத்தில் ஐந்தாம் முகாம். ஹுன்சாச் சுமைகாரர் கூடாரத்தையும் உணவையும் அங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டு இறங்கினார்கள். தங்க இருவருக்குத்தான் இடம். ஏர்ட்லும் பிரவென்பேர்கரும் அவர்களோடு இறங்கினார்கள். பூலுடன் தங்கிய கெம்ப்டர் மறுநாள் பாதிவழியில் திரும்பினார். 41 மணித்தியாலங்களின் பின் தள்ளாடி வந்த பூலைக் காத்திருந்து ஏந்தியவர்கள், இடம் விட்டு இறங்கிய அதே இருவர்தான்.

1937இல் இதே மலையில் பனிச்சரிவு 16 பேரை மூடியது. ஒன்பது பேர் ஷெர்பாக்கள். அவர்களின் பெயர் எத்தனை வாசகருக்குத் தெரியும்?

ஆனால் பூலை நாம் குறைசொல்லி முடித்துவிட முடியாது. இறங்கும்போது பக்கத்தில் இன்னொருவர் கூடவே வருவதாக உணர்ந்ததை அவரே மறைக்காமல் எழுதுகிறார். நூலின் உண்மையான இடம் அதுதான். புகழ் மறந்ததை அவருடைய களைத்த உடல் மறக்கவில்லை.

எமது புகலிடப் பயணக்கதைகளில் அந்த இன்னொருவரும் இல்லை. காணியை ஈடுவைத்த அண்ணனும் தாலிக்கொடியைக் கழற்றிய அம்மாவும் முதற்பக்கத்தோடு இறங்கிவிடுகிறார்கள். பிறகு எல்லை கடப்பது 'நான்' மட்டுமே. அவர்கள் இறங்கிய வழியை நாம் எப்போது எழுதப்போகிறோம்?