திசைச்சொல்லும் முதல் கதையும்: நடுநாட்டுப் புனைகதையை முன்வைத்துத் தொடக்கநிலைப் படைப்புப் பயிற்சி குறித்த ஒரு பார்வை

ஆய்வுச் சுருக்கம்

புனைகதை எழுதப் பழகும் மாணவருக்குக் கதைக்கருவும் திருப்பமும் முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. கம்மாபுரம், விருத்தாசலம், நெய்வேலி வட்டாரத்திலிருந்து எழுதவந்த கண்மணி குணசேகரன், இமையம் ஆகியோரின் ஆக்கங்களை முன்வைத்து, அம்முதற்பாடம் சொல்லிலிருந்தும் தொடங்கக்கூடும் என்பதையும், அவ்வாறு தொடங்குவதில் உள்ள இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நடுநாடு, திசைச்சொல், வட்டார வழக்கு, படைப்பிலக்கியப் பயிற்சி, வட்டாரச் சொல்லகராதி

முன்னுரை

படைப்பிலக்கியம் இன்று இளங்கலை, முதுகலைத் தமிழ் வகுப்புகளில் ஒரு பாடமாக இடம்பெற்று வருகிறது. மாணவர் ஒரு சிறுகதையேனும் எழுதிக் காட்டவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி மாணவர் எழுதும் அத்தகைய கதைகளில் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். வீட்டில் ‘மல்லாட்டை’ என்று சொல்லும் மாணவர் கதையில் ‘நிலக்கடலை’ என்று எழுதுகிறார். அவர்தம் கதைமாந்தர் எந்த ஊரிலும் வாழாத மனிதர்களாக, வார இதழ்த் தமிழில் உரையாடுகின்றனர். இதனை மாணவரின் குறையாகக் கொள்வது பொருந்தாது. மதிப்பெண் எந்த மொழிக்குக் கிடைக்கும் என்பதை அவர் பள்ளியிலேயே அறிந்துகொண்டுவிட்டார்.

கையேட்டு மரபு

தமிழில் புனைகதைப் பயிற்சிக்கு நூல்கள் இல்லாமல் இல்லை. எழுத்தாளர் பலரின் கட்டுரைகளைத் தொகுத்து மகரம் வெளியிட்ட ‘எழுதுவது எப்படி?’ அவற்றுள் முன்னோடியானது. ரா.கி. ரங்கராஜனின் ‘எப்படிக் கதை எழுதுவது?’ அஞ்சல்வழிப் பயிற்சியின் விளைவாக உருப்பெற்றது. இத்தகைய நூல்களைக் கல்விப்புலத்தார் ஏளனத்தோடு கடந்துசெல்வதுண்டு. அது நியாயமன்று. ஆசிரியர் துணையின்றி, சிற்றூரிலிருந்து எழுத முயன்ற ஒருவருக்குக் கதையைப் பிரித்துப் பார்க்கும் வழியை அந்நூல்களே காட்டின. ஆயினும், இதழ்க்கதைக்கெனச் சில தேவைகள் உண்டு. அது முதற்பத்தியிலேயே வாசகரை ஈர்க்கவேண்டும். குறித்த பக்கத்துக்குள் முடியவேண்டும். மாநிலம் முழுதும் தடையின்றிப் படிக்கப்படவும் வேண்டும். இவற்றுள் மூன்றாவது தேவையே வட்டாரச் சொல்லைக் கதையிலிருந்து வெளியே நிறுத்தியது எனலாம்.

நாவலாசிரியர் தொகுத்த அகராதிகள்

தமிழ்ப் புனைகதை வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி ஒன்றுண்டு. கரிசல் வட்டாரத்திற்குக் கி. ராஜநாராயணனும் (1982), கொங்கு வட்டாரத்திற்குப் பெருமாள்முருகனும் (2000), நடுநாட்டிற்குக் கண்மணி குணசேகரனும் சொல்லகராதிகள் தொகுத்துள்ளனர். மூவரும் நாவலாசிரியர்கள். மொழியியலார் செய்யவேண்டிய பணியைக் கதை எழுதுவோர் ஏன் மேற்கொண்டனர்?

சொற்களைத் திரட்டிய பின்னரே கதை எழுத முடியும் என்பதை இது மெய்ப்பிப்பதாக ஒருவர் வாதிடலாம். காலவரிசை அவ்வாதத்திற்கு இடம் தரவில்லை. ‘கோபல்ல கிராமம்’ 1976இலும், ‘ஏறுவெயில்’ 1991இலும், ‘அஞ்சலை’ 1999இலும் வெளிவந்துவிட்டன. அகராதிகள் அவற்றுக்குப் பின்னரே வந்தன. எனவே அகராதி, எழுதுவதற்கான முன்தயாரிப்பாக அமையவில்லை. எழுதும்போது எதிர்ப்பட்ட சொற்களுக்கு அச்சில் இடமில்லை என்பதை உணர்ந்ததன் விளைவாகவே அது தோன்றியது எனக் கொள்வதே பொருத்தமுடையது. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைத் தொழிலாளராக இருந்த ஒருவர் தம் வட்டாரத்திற்கு அகராதி தொகுத்தார் என்பதில் அச்சூழலின் வெறுமையும் வெளிப்படுகிறது.

‘கொல்லை’ என்னும் சொல்

ஒரு சொல்லைச் சான்றாகக் கொள்வோம். நடுநாட்டில் ‘கொல்லை’ என்பது புன்செய் நிலம். முந்திரியும் மல்லாட்டையும் விளையும் செம்மண் காடு அது. கண்மணி குணசேகரனின் ஊரான மணக்கொல்லையின் பெயரிலேயே அச்சொல் உள்ளது. தஞ்சைப் பகுதியிலோ அது வீட்டின் பின்புறம். ‘கொல்லைக்குப் போதல்’ என்பது அங்கு இடக்கரடக்கலாகவும் வழங்கும். ஆகவே ‘அவள் விடியலில் கொல்லைக்குப் போனாள்’ என்று ஒரு நடுநாட்டு மாணவர் எழுதினால், திருவாரூர் வாசகர் வேறொன்றைப் பொருள்கொள்வார்.

தொடக்கநிலை எழுத்தாளர் இங்கு மூன்று வழிகளை நாடுகிறார். முதலாவது, ‘வயல்’ என்று மாற்றிவிடுவது. நன்செய் நிலத்தைக் குறிக்கும் அச்சொல்லால் நிலமே மாறிப்போகிறது. இரண்டாவது, அடிக்குறிப்பு இடுவது. மூன்றாவது, அவள் கையில் களைக்கொட்டைக் கொடுத்து, தலையில் கூழ்ச்சட்டியை வைத்து அனுப்புவது. மூன்றாவது வழியில் வாசகர் பொருளைத் தாமே உணர்கிறார், காட்சியும் உருவாகிவிடுகிறது. காட்சிப்படுத்தல் என்று வகுப்பில் விதியாகச் சொல்லப்படுவது, இங்கு ஒரு சொல்லைக் காப்பாற்றும் முயற்சியிலேயே கைகூடுகிறது. தொல்காப்பியர் திசைச்சொல்லைச் செய்யுள் ஈட்டச் சொற்கள் நான்கனுள் ஒன்றாக வைத்ததை நாம் இலக்கணப் பாடமாக மட்டுமே கற்பிக்கிறோம். அதனைப் படைப்புப் பாடமாகவும் கற்பிக்க இடமுண்டு. ‘மல்லாட்டை’யிலும் ஒரு கதை இருக்கிறது. மணிலாக்கொட்டை என்பதன் மரூஉவாகிய அது, கடல்கடந்து வந்த ஒரு பயிரின் வழித்தடத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது.

வழக்கு மட்டும் போதுமா?

இவ்வாதத்தை அளவுகடந்து நீட்டுதல் கூடாது. வட்டாரச் சொற்களை அடுக்கியதனாலேயே கதை ஆகிவிடாது என்பதற்குக் கடந்த முப்பதாண்டுகளில் அச்சான பல நூல்கள் சான்று. சொல் காட்சிப்பொருளானால் மாந்தர் மறைந்துவிடுவர். ‘அஞ்சலை’ நிலைபெற்றதற்குக் காரணம் அதன் சொற்களஞ்சியம் மட்டுமன்று. பெண்பார்க்கையில் காட்டப்பட்டவன் ஒருவன், தாலிகட்டியவன் வேறொருவன் என்னும் வஞ்சனையிலிருந்து அந்நாவலின் துயரம் முழுதும் விரிகிறது. கையேடு வற்புறுத்தும் வலுவான முடிச்சு அங்கு இருக்கவே செய்கிறது. ஆகவே கையேட்டையும் வழக்கையும் எதிரெதிராக நிறுத்துவது, இக்கட்டுரையாளருக்கு எளிதாகத் தோன்றினும், உண்மைக்கு மாறானது.

இமையத்தின் தொடக்கம் இன்னொரு கோணத்தைத் தருகிறது. முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ வெளிவந்தது 1992இல். பொதுத்தமிழின் வரையறையைச் சொல் சொல்லாக ஆராய்ந்த ஒரு பதிப்பகம், அவ்வரையறைக்குள் அடங்காத ஆரோக்கியத்தின் புலம்பலை அடுத்த ஈராண்டில் அச்சிட்டது. செம்மையாக்கத்தில் கூர்மை காட்டிய அப்பதிப்பகம் வழக்கைப் பொதுத்தமிழாக்கிவிடவில்லை என்பது ஆசிரியர்கள் கருதத்தக்கது. திருத்துதல் வேறு, பொதுமொழியாக்கம் வேறு. மாணவர் கதையைச் சிவப்பு மையால் திருத்தும் நாம் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒன்றாகவே செய்கிறோம். ‘பெத்தவன்’ நெடுங்கதையிலும் மகளைக் கொல்லுமாறு ஊர் நெருக்கும் இரவின் கனத்தைப் பேச்சே தாங்குகிறது. அப்பேச்சைப் பொதுத்தமிழில் பெயர்த்தெழுதுமாறு மாணவரிடம் ஒரு பயிற்சி கொடுத்தால், எது இழக்கப்படுகிறது என்பதை அவரே கண்டுகொள்வார்.

நிலம் போனபின் சொல்

இவ்வட்டாரத்தில் இச்சிக்கலுக்குக் கூடுதல் அவசரம் உண்டு. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. அதன் திறந்தவெளிச் சுரங்கங்கள் விரிய விரிய, ஊர்கள் இடம்பெயர்ந்தன. அவ்வாறு நிலம் இழந்தோரின் வாழ்வையே கண்மணி குணசேகரன் ‘வந்தாரங்குடி’ நாவலில் பொருளாக்கினார். வீட்டுவசதிக் குடியிருப்புக்காக நிலம் இழந்த குடும்பத்தைப் பெருமாள்முருகனின் முதல் நாவலான ‘ஏறுவெயில்’ பேசியதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மாற்றுக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்குக் ‘கொல்லை’ என்பது பாட்டியின் பேச்சில் மட்டும் வரும் சொல். அப்பிள்ளை நாளை நம் வகுப்பில் மாணவராக அமர்கையில், தான் கண்டிராத நிலத்தைச் சொல்லின் வழியே கட்டியெழுப்ப வேண்டியவராகிறார்.

அவரிடம் முதல் நாளே முழுக்கதை கேட்க வேண்டுவதில்லை. பாட்டி சொல்லும் ஒரு நாள் வேலையை, விடியலில் கொல்லைக்குப் போய் இருட்டில் திரும்பும் வரை, இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்லலாம். அடிக்குறிப்பு கூடாது, ‘வயல்’ என்ற சொல் வரக்கூடாது, கும்பகோணத்து வாசகர் ஒருவர் ஐயமின்றிப் படிக்கவும் வேண்டும். இவை மூன்றுமே நிபந்தனைகள். கதைக்கரு, திருப்பம், முடிவு ஆகியவற்றை இரண்டாம் வாரத்தில் கற்பித்துக்கொள்ளலாம்.