ஒரு கட்டை இறங்கினால் குடி முழுகாது

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மன் கோயில். ஆடியில் கூழ் ஊற்றி முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கே மெல்லிசைக் கச்சேரி நடக்கும். இந்த முறை மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில், பாடகரின் படத்துக்குக் கீழே 'அதே குரல்! அதே சுருதி!' என்று போட்டிருந்தார்கள். பாடகர் எழுபதை நெருங்குகிறவர். டி.எம்.எஸ். பாட்டுகளுக்காகவே தாம்பரம் வட்டாரத்தில் பெயர் வாங்கியவர். முதல் மூன்று பாட்டும் கம்பீரமாக வந்தன. நான்காவது பாட்டின் சரணத்தில், மேல் ஸ்தாயியைத் தொடும் இடத்தில் குரல் பிளந்தது. ஐந்தாவதில் அந்த இடம் வருவதற்கு முன்பே முகம் இறுகி, கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் கைதட்டினோம். அந்தக் கைதட்டல்தான் ஆறாவது பாட்டிலும் அவரை அதே சுருதியில் நிறுத்தி வைத்தது.

கச்சேரி முடிந்ததும் கீபோர்டு வாசித்த இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தேன். "நாலாவது பாட்டு முடிஞ்சதுமே, ஒரு கட்டை இறக்கிக்கலாமா சார்னு கேட்டேன். பேனர்ல போட்டிருக்காங்களே தம்பின்னு சொல்லிட்டார்" என்றார்.

இது ஒரு கோயில் பேனரோடு முடிகிற விஷயமாக இருந்தால் எழுத வேண்டியதில்லை. பெரிய மைதானங்களில் ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்று நடக்கும் நினைவுக் கச்சேரிகளிலும் இதே பெருமைதான் பேசப்படுகிறது. 'இந்த வயதிலும் ஒரிஜினல் ஸ்கேலில் பாடுகிறார்' என்பது மூத்த பாடகருக்கு நாம் கொடுக்கும் உச்சபட்சப் பட்டமாகிவிட்டது. அந்தப் பட்டம் தவறானது என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். அது மூத்த குரலை வாழவைக்கவில்லை, வாட்டுகிறது.

இந்தக் கச்சேரிகளால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாய்ப்புக் குறைந்த வாத்தியக்காரர்கள் பலருக்கு அவைதான் வருமானம். இளமையில் கேட்ட பாட்டை அதைப் பாடியவர் வாயாலேயே கேட்பது பெரிய நிறைவு. எழுபதிலும் பழைய சுருதியில் சிரமமில்லாமல் பாடுகிற சாரீரம் சிலருக்கு வாய்த்திருக்கிறது. அது வரம்தான். ஆனால் சிலருக்குக் கிடைத்த வரத்தை எல்லோருக்கும் விதியாக்கலாமா?

வயது தொண்டையில் என்ன செய்கிறது என்று பார்த்தால் இந்த விதியின் கொடுமை விளங்கும். குரல்நாண்களின் தசை மெலிகிறது. இரண்டு நாண்களும் நடுவில் முழுதாக ஒட்டாமல் போக, காற்று கசிந்து குரலில் பிசிறு தட்டுகிறது. மேலே போர்த்திய மென்சவ்வு வறள்கிறது. குரல்வளைக் குருத்தெலும்பு மெல்ல எலும்பாக இறுகுகிறது. நுரையீரல் நெகிழ்வு இழந்து, மார்புக்கூடு விறைக்க, ஒரே மூச்சில் பாடிய அடி இரண்டு மூச்சு கேட்கிறது. கார்வையில் அழகாக இருந்த அசைவு அகன்று ஆட்டமாகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் நாண்கள் தடித்துக் குரல் கீழிறங்குகிறது. ஆண்களுக்குப் பேச்சுக் குரல் சற்று மேலேறுவதும் உண்டு. ஆனால் பாட்டில் உச்சியை எட்டிப்பிடிக்கும் பலம் அவர்களுக்கும் குறைகிறது. சாதகம் இதைத் தள்ளிப்போடும், தடுக்காது. முதலில் போவது மேல் ஸ்தாயி. நடு ஸ்தாயியும் சொல்லைச் சொல்லும் பக்குவமும் பாவமும் பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். சில சமயம் வயதோடு வளரவும் செய்யும். போனதையே கேட்டு அடம்பிடித்து, இருப்பதைக் கேட்காமல் விடுகிறோம்.

'ஒரிஜினல் சுருதி' என்று நாம் கும்பிடுவது எது? அந்தப் பாட்டுக்கு இறைவன் விதித்த சுருதியா? முப்பது முப்பத்தைந்து வயதுப் பாடகர் ஒருவரின் தொண்டைக்குப் பொருந்தும்படி, ஒரு காலைப்பொழுதில், ஏதோ ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் இசையமைப்பாளர் தேர்ந்துகொண்ட சுருதி. அதே மெட்டைப் பெண் குரலுக்குக் கொடுத்தபோது சுருதியை மாற்றியவரும் அவர்தான். ஒரே பாட்டு ஆண் குரலில் ஒரு சுருதியிலும் பெண் குரலில் வேறு சுருதியிலும் வந்த படங்கள் நம்மிடம் ஏராளம். பாட்டு கெட்டுவிட்டது என்று அன்று யாரும் சொல்லவில்லை. பாடுகிற தொண்டைக்கு ஏற்பச் சுருதி என்பதுதான் இசையமைப்பாளர் கடைப்பிடித்த முறை. எழுபது வயதுக்காரரை முப்பது வயதின் சுருதியில் நிறுத்துகிறவர்கள்தான் அந்த முறையை மீறுகிறார்கள்.

நம் சங்கீத மரபைப் பார்த்தால் இந்தப் பிடிவாதம் இன்னும் அந்நியமாகத் தெரியும். ஒலிபெருக்கி வராத காலத்தில் கடைசி வரிசைவரை குரல் எட்ட வேண்டும் என்பதால் நாடக மேடையும் கச்சேரி மேடையும் உச்ச சுருதியைக் கேட்டன. எஸ்.ஜி. கிட்டப்பா அந்த மேடையின் சிகரம். அவர் 1933இல், முப்பது வயதுகூட நிரம்பாமல் மறைந்தார். பிறகு மைக் வந்தது, சுருதி இறங்கியது. குறை என்று யாரும் அழவில்லை. நாயனத்தில் நடந்ததும் இதுதான். நான்கு கட்டை, ஐந்து கட்டையில் ஒலித்த திமிரியை விட்டுவிட்டு, இரண்டு, இரண்டரைக் கட்டையில் பேசும் நீளமான பாரி நாயனத்தைக் கையில் எடுத்தார் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. தோடி ராகத்தை அத்தனை விஸ்தாரமாக அந்தத் தாழ்ந்த சுருதியில்தான் ஊருக்குக் காட்டினார். எம்.டி. ராமநாதன் ஒரு கட்டைக்கும் கீழே, நிதானமான காலப்பிரமாணத்தில் பாடி, தனக்கென ஒரு பாணியையே உண்டாக்கினார். செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு இயற்கையிலேயே இனிய சாரீரம் இல்லை. உழைப்பால் வசப்படுத்திய அந்தக் குரலை வைத்துக்கொண்டு தொண்ணூறை ஒட்டிய வயதிலும் மேடையில் உட்கார்ந்தார். வித்வான்களுக்கு வயதாக ஆக சுருதிப்பெட்டியில் அரைக் கட்டை, ஒரு கட்டை இறங்குவது சபாக்களில் செய்தியே அல்ல. தாழ்ந்த சுருதியில் மார்கழிக் கச்சேரியைக் கேட்டு மெய்மறக்கும் அதே ரசிகர், மெல்லிசை மேடைக்கு வந்ததும் இசைத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாடகரை ஒப்பிடுகிறார்.

உச்ச ஸ்தாயியில் அலறுவதையே அடையாளமாகக் கொண்ட ராக் பாடகர்களுக்கு நம்மவர்களைவிடப் பெரிய சிக்கல். அவர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைப் பார்க்கலாம். டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன் 'சைல்ட் இன் டைம்' பாட்டின் உச்சக் கூவலால் 1970இல் உலகப் புகழ் பெற்றார். அதற்கு நியாயம் செய்ய முடியவில்லை என்றானபோது, 2002க்குப் பிறகு அந்தப் பாட்டையே மேடையிலிருந்து விலக்கிவிட்டு மற்ற பாட்டுகளைப் பாடி வந்தார். எல்டன் ஜானுக்கு 1987இல் தொண்டை அறுவைச் சிகிச்சை நடந்தது. கள்ளத் தொண்டையில் எட்டிய உச்சிகளை விட்டுவிட்டு, கனத்துத் தாழ்ந்த குரலில் 2023வரை உலகம் சுற்றினார். லெட் செப்பலின் குழு 2007 டிசம்பரில் லண்டனில் மீண்டும் கூடியபோது பல பாட்டுகளைச் சுருதி இறக்கியே வாசித்தார்கள். அன்று ராபர்ட் பிளான்ட்டுக்கு 59 வயது. அதே ஆண்டு அலிசன் கிராஸோடு சேர்ந்து, கிட்டத்தட்ட முணுமுணுப்பில் பாடிய அவருடைய இசைத்தொகுப்பு 2009இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதை வாங்கியது. உச்சியை இழந்த மனிதர் நடு ஸ்தாயியில் வேறொரு பாடகராகப் பிறந்தார். நம் மேடையில் இப்படி ஒரு மறுபிறப்புக்கு யார் இடம் கொடுக்கிறார்கள்?

சுருதி இறக்குவதிலும் சங்கடங்கள் உண்டு, மறைக்கவில்லை. மேலே இறக்கியதற்குக் கீழே விலை கொடுக்க வேண்டும். பல்லவியின் மந்திர ஸ்தாயி சொற்கள் சத்தமில்லாமல் அமுங்கிப்போகலாம். கிட்டாரில் திறந்த தந்தியில் அதிர்ந்த முகப்பிசை வேறு நிறம் கொள்ளும். புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுக்க வேண்டும், தபலாவை மாற்ற வேண்டும், வயலின்காரர்கள் புதிதாக விரல் பழக வேண்டும். இவை ஒத்திகையில் தீர்கிற வேலைகள். கீபோர்டுக்கு ஒரு பொத்தான் போதும். இந்த உழைப்பைச் செய்யச் சோம்பிவிட்டு, அதற்கு 'ஒரிஜினல்' என்று பெயர் சூட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சோம்பலாவது பரவாயில்லை. அதன் பிள்ளையாக வந்திருப்பது ஏமாற்று. உச்சி வரும் இடத்தில் மூத்தவரின் மைக் சத்தத்தைத் தணித்து, பின்னால் நிற்கும் கோரஸ் பிள்ளைகளின் குரலை ஏற்றுகிறார்கள். முன்பே பதிவு செய்த ட்ராக்கை ஓடவிட்டு அவரை வாயசைக்க வைக்கிறார்கள். பிசகைக் கணினியில் நேராக்குகிறார்கள். உச்சி அடி பாடும் அந்த இளம்பெண்ணின் பெயரை அறிவிப்பாளர் சொல்வதில்லை. மூத்தவருக்கும் கீழிறங்கிய தன் உண்மைக் குரலைக் காட்ட வாய்ப்பில்லை. இரண்டு கலைஞர்களையும் ஒரே நேரத்தில் அவமதிக்கும் காரியம் இது. இதை ரசிகர்களுக்காகச் செய்கிறோம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். ரசிகர் கேட்டது அந்த மனிதரை. ஒலிநாடா வீட்டிலேயே இருக்கிறது.

இந்தக் கொடுமை பெண் பாடகர்கள் மேல்தான் அதிகம் விழுகிறது. தமிழ் சினிமா பல பத்தாண்டுகளாகக் கதாநாயகியின் குரல் என்றால் பதினாறு வயதுச் சிறுமியின் குரலாகவே கேட்டுப் பழகியிருக்கிறது. அறுபது வயதுப் பெண்ணிடம் அந்தச் சிறுமியைக் கேட்டால் அவர் எங்கே போவார்? எஸ். ஜானகி 2016இல் திரைப்பாட்டிலிருந்து விடைபெற்று, 2017 அக்டோபரில் மைசூரு கச்சேரியோடு மேடையிலிருந்தும் ஒதுங்கினார். அது அவருடைய முடிவு, அதற்கு மரியாதை. ஆனால் குழந்தைக் குரலையும் கிழவியின் குரலையும் ஒரே தொண்டையில் காட்டிய அந்த மேதைக்கு, 78 வயதின் குரலுக்கென்றே யாராவது மெட்டுப் போட்டுக் கொடுத்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும் என்ற ஏக்கம் எனக்குத் தீரவில்லை. 'அதே குரல், இல்லாவிட்டால் மௌனம்' என்ற இரண்டே வாசலை வைத்துவிட்டு, மூத்தவர்கள் மௌனத்தின் வாசலில் போனதும் பாராட்டு விழா நடத்துகிறோம்.

மூன்றாவது வாசல் கற்பனை அல்ல. 2010இல் செம்மொழி மாநாட்டுப் பாடலை அமைத்த ஏ.ஆர். ரஹ்மான், அதன் தொடக்கத்தை டி.எம். சௌந்தரராஜனிடம் கொடுத்தார். அப்போது டி.எம்.எஸ்ஸுக்கு 88 வயது. நடுங்கிய குரலின் முதுமையே அந்தத் தொடக்கத்துக்குக் கல்வெட்டின் கனத்தைக் கொடுத்தது. 2011இல் 'ஒஸ்தி' படத்தில் எழுபதைத் தாண்டிய எல்.ஆர். ஈஸ்வரியின் கரகரப்பை மறைக்காமல், அதையே பாட்டின் கவர்ச்சியாக்கினார் தமன். 1969இல் மவுண்ட் ரோட்டின் நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில் பட்டுப்புடவையோடு பாடத் தொடங்கிய உஷா உதுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த குரல் என்று பள்ளி இசை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர் அவர். உச்சியை நம்பி வாழாத குரல் என்பதால் வயது அவரிடமிருந்து எடுத்தது குறைவு. எழுபத்தைந்தைக் கடந்தும் மேடையை ஆள்கிறார், 2024இல் பத்ம பூஷண் அவரைத் தேடி வந்தது. மூவரிடமும் கேட்டது அவர்களுடைய அந்தந்த வயதின் குரல். யாரும் அதைக் குறை என்று நினைக்கவில்லை.

குழு நடத்துகிறவர்களுக்கு: ஒத்திகையில் மூத்த பாடகரைக் கேட்டு, அவருடைய இன்றைய சுருதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் ஏறியதும் 'ஐயா இன்று இந்தப் பாட்டை ஒரு கட்டை இறக்கிப் பாடுகிறார்' என்று வாய்விட்டு அறிவியுங்கள். விழாக் குழுக்களுக்கு: 'அதே சுருதி' என்ற வரியைப் பேனரிலிருந்து எடுத்துவிடுங்கள். கேட்கிற நமக்கு: அறிவிப்பு வரும்போது முகம் சுளிக்காமல் கைதட்டுவோம். அடுத்த ஆடியிலும் எங்கள் கோயில் மேடையில் அவர் பாட வருவார். அந்தக் கீபோர்டு இளைஞர் மறுபடி அவர் காதருகே குனிந்து கேட்கும்போது, 'சரி தம்பி, இறக்கு' என்று அவர் தயங்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வைப்பது நம் கையில் இருக்கிறது.