எயிற்பட்டினத்து உப்பு: திணைப்பெயரும் சமுதாய ஆராய்ச்சியும்

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து மரக்காணமே என அறிஞர் பலர் கொள்வர். உப்பளங்கள் பரந்த கடற்கரை அது. ஆதலின் ஓய்மானாட்டு நல்லியக்கோடன் காலத்தும் ஆங்கு உமணர் உப்பு விளைத்தனர் என எழுதத் தோன்றுவது இயல்பு. பாட்டையே நோக்குவோம். எயிற்பட்டினப் பகுதியில் தாழையும் புன்னையும் உண்டு. திரை கொணர்ந்த நறுமண விறகு உண்டு. நுளைமகள் அரித்த தேறலும் சுட்ட மீனும் உண்டு. உப்பு இல்லை, உமணரும் இல்லர். அப்பாட்டில் உமணர் வருவது பாண்டியனது கொற்கையைக் கூறுமிடத்தே. அவர்தம் வண்டி வரிசையோடு வந்த மந்தி, சிப்பியுள் முத்தை அடக்கி, உமட்டியர் பெற்ற புதல்வரோடு கிலுகிலுப்பை ஆடுகின்றது.

அங்ஙனமாயின் எயிற்பட்டினத்துக்கு உப்பு எங்கிருந்து வந்தது? ‘நெய்தல்’ என்னும் பெயரிலிருந்து வந்தது. தொல்காப்பியர் கருப்பொருளுக்குத் தெய்வம், உணா, செய்தி முதலிய தலைப்புகளையே தந்தார். நெய்தற்குரிய தொழில் உப்பு விளைத்தல் எனத் தனித்தனியே நிரப்பியோர் பல நூற்றாண்டு பின்வந்த உரையாசிரியர். அந்நிரலைப் பாட்டின்மேல் ஏற்றிப் பின் பாட்டையே அதற்குச் சான்றாக்குவது, நாம் வைத்ததை நாமே கண்டெடுப்பதாகும்.

பி. தி. சீனிவாச ஐயங்கார் 1929இலும் கா. சிவத்தம்பி 1974இலும் திணையைச் சமுதாய வரலாற்றுக்குக் கருவியாக்கினர். தமிழாய்வுக்கு அது பெரும்பேறே. எனினும் திணை என்பது முதற்கண் பாடல்களை வகுக்கும் கலைச்சொல். அதனை வரையறுப்பது உரிப்பொருள். ஏனையவை மயங்கலாம் எனத் தொல்காப்பியரே விதித்தார். மக்களை எண்ணும் பேரேடு அன்று அது.

இதன் மறுதலையும் நோக்கத்தக்கது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்கள் பாலைக்குரியன. பத்து, இருபது என வருவன நெய்தலுக்குரியன. உப்பு வாணிகத்தை ஆராயப் புகுவோன் பத்தின் மடங்குகளை மட்டும் புரட்டுவானாயின் 159ஆம் பாட்டை இழப்பான். கழியில் விளைந்த உப்பை விலைகூறிச் செல்லும் வண்டிகளும், உமணர் விட்டுச்சென்ற கல்லடுப்பில் ஆகோள் மறவர் ஊன் சமைப்பதும் அப்பாலைப் பாட்டில்தான் உள்ளன. உப்பு எவ்வழியிற் சென்றது, அவ்வழியில் என்ன அச்சம் இருந்தது என்பவற்றை இதனினும் தெளிவாக எந்நெய்தற் பாட்டு உரைக்கும்?

ஆதலின் சமுதாய ஆராய்ச்சிக்கு அளம், கழி, உமணர், ஒழுகை முதலிய தொழிற்சொற்களையே வகைகளாகக் கொண்டு, திணை எல்லையைக் கடந்து பாடல்களைத் தொகுத்தல் வேண்டும் என்பது நம் துணிபு. அங்ஙனம் தொகுப்பின் ‘உமணர்’ என்னும் சொல்லும் தெளிவுறும். நற்றிணை 331ஆம் பாட்டில் உப்பை விளைப்போர் வேறு. அவர் எதிர்நோக்கியிருக்கும் வண்டி உமணர் வேறு. முன்னவரை ஏர் பூட்டாத உழவர் என்னும் கருத்துப்படப் புலவர் சுட்டுகிறார். மரக்காணத்தில் இன்றும் பாத்தியில் உப்பு வாருவோரும், அளத்தைக் குத்தகைக்கு எடுத்தோரும், வாங்கி ஏற்றுவோரும் ஒருவரல்லர். உமணர் என்னும் ஒரு சொல்லுள் இவர் அனைவரையும் அடக்கின், உப்பின் ஊதியம் எவர் கைக்குச் சென்றது என்னும் வினாவே எழாது போகும்.