கோகோவின் நன்மை சாக்லேட்டில் எவ்வளவு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி ஆரம்பாக்கம் வழியே வடக்கே போனால், தடாவுக்கு அருகே ஸ்ரீசிட்டி. கேட்பரி சாக்லேட் தயாரிக்கும் மாண்டலீஸ் நிறுவனம் 2016-இல் அங்கே ஆலை திறந்தது. திருவள்ளூர் மாவட்டத்து நேமத்தில் லாட்டேயின் சாக்கோ பை தயாராகிறது. இவ்வளவு அருகில் உருவாகும் பண்டம் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு இன்று பரவலாகிவிட்டது. அதில் உண்மை உண்டு. அது கோகோவைப் பற்றிய உண்மை.

கோகோ விதையில் உள்ள ஃப்ளேவனால்கள் ரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பைக் கூட்டுகின்றன, குழாய் தளர்கிறது. 2017-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 35 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், ரத்த அழுத்தம் சராசரியாக 2 புள்ளிக்கும் சற்றுக் குறைவாகவே இறங்கியிருந்தது. ஏற்கெனவே அழுத்தம் உள்ளவர்களிடம் 4 புள்ளி. சிறிய பலன்தான், ஆனால் உண்மையான பலன்.

இதைவிடப் பெரியது, 2022-இல் வெளிவந்த காஸ்மோஸ் ஆய்வு. அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த 21,442 பேரில் ஒரு பாதியினர் தினம் 500 மில்லிகிராம் கோகோ ஃப்ளேவனால் எடுத்துக்கொண்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்த எண்ணிக்கை உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. இதய, ரத்தநாள நோய்களால் நேர்ந்த மரணம் மட்டும் 27 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் ஆய்வின் முதன்மைக் கேள்விக்குக் கிடைத்த விடை அது அல்ல. மாத்திரைகளைக் கொடுத்து, நிதியில் ஒரு பகுதியையும் தந்தது மார்ஸ் சாக்லேட் நிறுவனம் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அவர்கள் விழுங்கியது மாத்திரை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஃப்ளேவனால் கசக்கும், துவர்க்கும். புளிக்கவைப்பதும் வறுப்பதும் அதைக் குறைக்கின்றன. நிறமும் மென்மையும் வேண்டிக் காரம் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தினால் பெரும்பகுதி போய்விடுகிறது. நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி, மில்க் சாக்லேட்டில் கொழுப்பு நீக்கிய கோகோ 2.5 சதவீதம் இருந்தாலே போதும். எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் நீரிழிவு விகிதம் 14.4 சதவீதம். இரவு ஷிப்ட் முடித்து, தூக்கம் கெட்டு வரும் தொழிலாளியிடம் இந்த இனிப்பை இதய மருந்தாகச் சொல்வது அநியாயம். பிள்ளைக்கு ஆசையாக வாங்கிக் கொடுப்பது வேறு விஷயம்.

டார்க் சாக்லேட் மேல்தான். ஆனால் 2022-இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்த 28 டார்க் சாக்லேட்டுகளிலும் ஈயமும் காட்மியமும் இருந்தன. உறையில் 70 சதவீதம் என்ற அச்சு கோகோவின் அளவைச் சொல்கிறது. ஃப்ளேவனால் எவ்வளவு மிஞ்சியது என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2023-இல், ஆதாரம் மிகக் குறைவு என்ற குறிப்போடு, ஃப்ளேவனால் மிகுந்த கோகோ தூளுக்கு மட்டுமே இதய நலன் பற்றிச் சொல்ல இடம் கொடுத்தது. சாதாரண கோகோ தூளுக்கோ சாக்லேட்டுக்கோ அந்த அனுமதி இல்லை.

ஃப்ளேவனாலை மில்லிகிராமில் உறையிலேயே அச்சிட நம் ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, கோகோ வேண்டுமென்பவர்கள் சர்க்கரை சேராத, காரம் சேர்த்துப் பதப்படுத்தாத தூளைத் தேடி வாங்கலாம். உறையின் பின்புறம் 501 என்ற எண் இருந்தால், பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.